ஸ்கோப்பில் வைத்த சந்தனம்

என் மனைவி வைத்த சந்தனப் பொட்டால்தான் என் துப்பாக்கி குறி தவறியது என்று போன வருஷம் அவள்மேல் பழி போட்டேன். போட்டபோது அதை நிஜம் என்றே நம்பினேன். சீக்கிரமே பொய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

கோபாலபுரத்தில் எங்கள் வீடு பழைய வீடு. முன்பக்கம் சின்னது, பின்பக்கம் நீளம். பின்கோடியில் கார் ஷெட், அதன் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே செங்கல் சுவர். அந்தச் சுவரின் அடியில்தான் பெருச்சாளிகள் வளை தோண்டியிருந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். பூனை அளவு இருக்கும். பூனையே அவற்றைப் பார்த்தால் வேறு வேலை இருப்பதுபோல் போய்விடும். தோட்டத்துச் சேப்பங்கிழங்கைத் தின்றவரை நான் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலையில் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பாதி தின்ற வயர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"எலி இல்ல சார். பெருச்சாளி. இன்னா பல்லு பாருங்க, கட்டிங் பிளேயர் மாதிரி கீது."

அடுத்த மாதமும் அதே கதை. அமெரிக்காவிலிருந்து பையன் போனில் சொன்னான்: "அப்பா, எழுபது தாண்டியாச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா காரை வித்துடுங்கோ. போன்ல கூப்பிட்டா வாசல்ல வண்டி வந்து நிக்கப் போறது."

அந்தக் கார் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு என்னை எதிர்பார்த்து யாரும் எங்கும் காத்திருப்பதில்லை. ஆனால் அடையாற்றில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டுமா, மயிலாப்பூரில் கச்சேரிக்குப் போக வேண்டுமா, என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்று என்னைப் பார்ப்பாள். நான் சாவியை எடுப்பேன். அந்த ஒரு நிமிஷம் இந்த வீட்டில் நான் இன்னும் வேண்டியிருக்கிறேன் என்று தோன்றும். காரை விடக்கூடாது. ஆகவே பெருச்சாளி போக வேண்டும்.

எலிப்பொறியில் அவை அகப்படவில்லை. தெருவில் நாய்கள் இருப்பதால் மருந்து வைக்க மனம் வரவில்லை. பிறகுதான் காற்றுத் துப்பாக்கி ஞாபகம் வந்தது. கல்லூரி நாளில் என்.சி.சி.யில் நன்றாகச் சுடுபவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பெயரை ஐம்பது வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பையன் சின்னவனாக இருந்தபோது பெசன்ட் நகர் கடற்கரையில் பலூன் சுடும் தட்டியின் முன்னால் நின்றோம். என்.சி.சி. பெருமையோடு நான் சுட்டேன். ஒரு பலூனும் உடையவில்லை. "குழல் வளைஞ்சிருக்கு" என்று சொல்லித் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். என் மனைவி அதே துப்பாக்கியை எடுத்தாள். அதற்குமுன் அவள் அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. வரிசையாக நீலம், மஞ்சள், சிவப்பு என்று உடைத்துவிட்டு, "வளைஞ்சதுதான் நன்னா சுடறது" என்றாள். பையன் கைதட்டினான். நான் சுண்டல் வாங்கப் போய்விட்டேன்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் என்னிடம் குற்றம் கிடையாது. மாடியின் பின்பக்க பால்கனியிலிருந்து ஷெட்டுக்கு முப்பது மீட்டர்கூட இராது. அந்தத் தூரத்துக்குப் பெரிய பலம் வேண்டாம். பெருச்சாளியின் தலை ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு. அந்த எலுமிச்சம்பழத்தை முதல் தடவையிலேயே அடித்துவிட வேண்டும். வயிற்றில் பட்டுத் துடிக்க விடுவது பாவம். ஆக வேண்டியது பலம் இல்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும் குணம். இதையெல்லாம் யோசித்து முடித்துக்கொண்டுதான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இத எட்த்துக்கோங்க சார். ஸ்பிரிங்கு அப்படி. பெருச்சாளி இன்னா, பன்னியே பூடும்."

"எனக்குப் பன்னி வேண்டாம்ப்பா. பெருச்சாளி போதும்."

ஸ்பிரிங் வலுவாக இருந்தால் குண்டு குழலைத் தாண்டுவதற்குமுன் துப்பாக்கியே ஒரு குதி குதிக்கும். அந்தக் குதிதான் குறியைக் கெடுக்கும். இதைச் சொன்னேன். கொஞ்சம் மிதமான ஸ்பிரிங், இழுத்தால் முரண்டு பிடிக்காத ட்ரிக்கர், கைக்கு அடங்கும் எடை, இப்படி மூன்று துப்பாக்கிகளைப் பொறுக்கினேன். கடையின் பின்னால் சுட்டுப் பார்க்க ஒரு நீள அறை இருந்தது. மேஜையில் மணல் பையைப் போட்டு அதன்மேல் ஒவ்வொன்றையும் சாய்த்து, கடையிலிருந்த நாலு வகை ஈயக் குண்டுகளையும் மாற்றி மாற்றிச் சுட்டேன். ஒரே துப்பாக்கி ஒரு வகைக் குண்டில் சிதறும், இன்னொரு வகையில் எல்லாத் துளையும் ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று துப்பாக்கிக்கும் தெரியாது. துளைகளின் இடைவெளியைக் காகிதத்தில் அளந்து குறித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"சார் இன்னா, காலேஜ் வாத்தியாரா?"

"எப்படித் தெரியும்?"

"துப்பாக்கி வாங்க வந்துட்டு ஸ்கேலும் பென்சிலும் கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்."

மூன்றில் பார்க்க மிகச் சாதாரணமாக இருந்ததை எடுத்தேன். துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கும் தூரக்கண்ணாடியான ஸ்கோப் ஒன்றும், ஒட்டிக்கொண்ட வகைக் குண்டு ஒரு டப்பாவும் வாங்கினேன். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன ரகம்தான். ஆனாலும் போர்வையில் சுற்றித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

"என்னன்னா அது, வயலினா?" என்றாள் என் மனைவி.

பிரித்துக் காட்டினேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"பிள்ளையார் வாகனத்தைச் சுட்டுட்டு, செவ்வாக்கிழமை அவரண்டயே போய் முட்டிவலி போகணும்னு வேண்டிப்பேளா?"

"அவர் வாகனத்தை ஒழுங்கா கட்டிவெச்சா என் வாகனம் ஏன் ரிப்பேர் ஆறது?"

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அந்த வாரம் முழுக்கக் காலை வேளைகளில் பால்கனியில் உட்கார்ந்து ஸ்கோப்பைச் சரிசெய்தேன். ஷெட் ஓரத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் தேங்காய்க் கொட்டாங்கச்சியை வைத்தேன். வெயில் என் முதுகுப்பக்கம். கொட்டாங்கச்சியில் விழுந்த துளைகளை ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். காசை வைத்து மூடி மனைவியிடம் காட்டினேன். "காசை எடுத்துட்டுக் கொட்டாங்கச்சியைக் குப்பையில போடுங்கோ" என்றாள்.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. சரஸ்வதி பூஜையன்று அவள் வழக்கம்போல் மணையில் புத்தகங்களை அடுக்கினாள். பக்கத்தில் அரிவாள்மணை, கத்திரிக்கோல், என் ஸ்க்ரூடிரைவர், கார் சாவி. பிறகு என்னைப் பார்த்து, "அதையும் கொண்டு வாங்கோ" என்றாள்.

"எதை?"

"ஆயுதபூஜைன்னு பேரு வெச்சிண்டு இத்தனை வருஷமா அரிவாள்மணைக்குப் பொட்டு வெச்சிண்டிருக்கேன். ஆத்துல நிஜமா ஆயுதம்னு ஒண்ணு வந்திருக்கு. அதை விட்டா நன்னாவா இருக்கும்?"

பிடிக்காத ஒன்றை அவள் ஏற்றுக்கொள்ளும் விதம் அது. எனக்கு அன்று அது புரியவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவந்து மணைமேல் கிடத்தினேன். கட்டையில் ஒன்று, குழலில் ஒன்று, ஸ்கோப்பின் தலையில் ஒன்று என்று சந்தனம் வைத்து நடுவே குங்குமமும் வைத்தாள். ஸ்கோப்பின் கண்ணாடி ஓரத்தில் சந்தனம் கொஞ்சம் வழிந்திருந்தது. மறுநாள் அதைத் துடைத்தேன்.

அன்று விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள். சாயங்காலம் பால்கனியில் மணல் பைமேல் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தேன். சுவருக்குமேல் மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வளையிலிருந்து பெரியது ஒன்று வந்து, மணல் மூட்டை ஓரத்தில் உட்கார்ந்து, எதையோ கொறித்தது. ஸ்கோப்பில் பார்த்தேன். வெள்ளைத் துணி ஒன்றை நடுவில் பிடித்ததுபோல் எல்லாம் மங்கல். பெருச்சாளி ஒரு சாம்பல் புள்ளி. மூச்சை அடக்கிச் சுட்டேன். ஒரு முழம் தள்ளிச் சுவரில் காரை உதிர்ந்தது. பெருச்சாளி தின்பதை நிறுத்தி அந்தக் காரையைப் பார்த்தது, பிறகு என் பக்கம் பார்த்தது, பிறகு தின்ன ஆரம்பித்தது.

போன வாரம் காலையில் ரூபாய்க் காசுக்குள் சுட்டவனுக்குச் சாயங்காலம் முழம் தவறுகிறது. நடுவில் நடந்தது பூஜை ஒன்றுதான். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. கீழே இறங்கிப் போய்க் கத்தினேன்.

"லென்ஸுக்குள்ள சந்தனத்தை இழைச்சு விட்டிருக்கே! ஒரு வாரம் உக்காந்து சரி பண்ணினது எல்லாம் போச்சு!"

"வழிஞ்சதைத்தான் நீங்களே துடைச்சேளே."

"உள்ளே போனதை எப்படித் துடைக்கறது? எதைக் கண்டாலும் பொட்டு, எதைக் கண்டாலும் பொட்டு! இது நுணுக்கமான கருவி. உனக்கு என்ன தெரியும்?"

"சந்தனம்தானே வெச்சேன், ஆசிடா ஊத்தினேன்?" என்றாள். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அடுக்களைக்குள் போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் ஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல சார். லென்ஸு பளபளன்னு கீது."

"உனக்குத் தெரியாதுப்பா. வேற குடு."

காசை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார்; பழையதையும் என் கையிலேயே தந்துவிட்டார். வாத்தியாரோடு வாதாடி என்ன லாபம் என்று நினைத்திருப்பார். அன்று சாயங்காலம் புது ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். அதே வெள்ளைத் துணி. எழுந்து நின்று, ஸ்கோப்பை விட்டுவிட்டு, வெறுமனே ஷெட்டைப் பார்த்தேன். இடது கண்ணை மூடினேன். துணி இருந்தது. வலது கண்ணை மூடினேன். துணி இல்லை. ஷெட்டின் தகரத்தில் இருந்த துருகூடத் தெரிந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஒளியியல் பாடம் எடுத்தவன். வெளிச்சம் எதிரே இருந்தால் கலங்கிய லென்ஸ் அதைச் சிதறடிக்கும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது என்று பலகையில் படம் போட்டு விளக்கியவன். ஸ்கோப்பில் இருந்த லென்ஸ்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். அவற்றின் பின்னால் என் தலையில் ஒரு லென்ஸ் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே சிக்னல் விளக்குகள் மத்தாப்புபோல் விரிந்தன. மழைக்காலம், கண்ணாடியில் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றே இறங்கிப் போய், "தப்பு என் கண்ணில்" என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கண் என்றால் டாக்டர், டாக்டர் என்றால் ஆபரேஷன், எல்லாம் பையன் காதுக்குப் போகும், பையன் காதுக்குப் போனால் கார் போகும். அதனால் சொல்லவில்லை. சந்தனத்தையே குற்றவாளியாக விட்டுவிட்டேன்.

அவள் அதை மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் காரின் முன்னால் ஒரு பொட்டு வைத்து, உள்ளே இருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஒரு முழம் கதம்பம் சார்த்துவாள். அடுத்த வெள்ளிக்கிழமை குங்குமச் சிமிழோடு ஷெட்டுக்கு வந்து, நின்று, "இதுக்கு வைக்கலாமா? இல்லை, இதுக்கும் குறி தப்புமா?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் நான் பதில் சொல்லும்வரை வைக்காமல் காத்திருந்தாள். "வை, வை" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன். புது மிக்ஸி வந்தபோதும் கேட்டாள். யாரையும் கேட்காமல் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், கேட்டுக்கேட்டு வைக்க ஆரம்பித்தாள். பெருச்சாளியைச் சுடாததற்கு நான் ஈரக்காற்று, மின்விளக்கு என்று தினம் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் மயிலாப்பூரில் மத்தியானக் கச்சேரிக்குப் போனோம். போகும்போது ஒன்றுமில்லை. முடிந்து திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரம் வைத்து அடைத்து, நேற்று இருந்த வழியை இன்று மாற்றி விட்டிருந்தார்கள். எதிர்வெயிலில் எனக்கு அம்புக்குறி தெரியவில்லை. ஏதோ ஒரு திறப்பில் நுழைந்தேன். பக்கத்தில் என் மனைவி அன்று கேட்ட கல்யாணி ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சட்டென்று நிறுத்தி, "ஏன்னா!" என்றாள். பிரேக்கை மிதித்தேன். ஆட்டோ ஒன்று எங்கள் மூக்குக்கு எதிரே நின்றது. அது சரியான வழியில் வந்துகொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "யோவ் பெருசு! கண்ணு கீதா, இல்ல ஊட்ல வெச்சிட்டு வந்துட்டியா? ஒன்வேல வந்துக்கினு ஆரன் வேற அடிக்கிற!"

நான் ஹாரன் அடித்ததே எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீயாவது அந்தச் சாவியப் புடுங்கி வெச்சுக்க. உன்ன வேற இட்டுக்கினு சுத்துறாரு."

 வீடு வரும்வரை கல்யாணி திரும்ப வரவில்லை. எனக்குத் தெரிந்தே, அந்தக் கண்ணோடு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு மாதமாக ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மீதி வழியை இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் மாடிக்கு வந்தாள். கையில் ஒரு கொட்டாங்கச்சி.

"இதை அங்கே வெச்சிட்டு வாங்கோ."

வைத்துவிட்டு வந்தேன். அவள் பால்கனியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கெடுத்த ஸ்கோப்பு எங்கே?"

"அலமாரியில இருக்கு."

"அதை மாட்டுங்கோ."

மாட்டினேன். "இதை மடக்கிக் குடுங்கோ, எனக்கு பலம் இல்லை" என்றாள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றி, குண்டைப் போட்டு, என் விசாரணைக்கு நானே எல்லா உதவியும் செய்தேன். கட்டையை எப்படித் தோளில் வைப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்" என்றாள். மேற்கே அதே வெளிச்சம். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நன்னா தெரியறதே. கொட்டாங்கச்சியில நார்கூடத் தெரியறது."

சுட்டாள். கொட்டாங்கச்சி மணல் மூட்டையிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது. வளை வாசலில் உட்கார்ந்திருந்த பெருச்சாளி அந்த ஒரு நாள்தான் பயந்து உள்ளே ஓடியது.

கழற்றி மாட்டிய ஸ்கோப் அப்படியே சரியாக நிற்பது அபூர்வம் என்று ஒரு சந்தேகம் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் துப்பாக்கியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"இப்போ சொல்லுங்கோ. சந்தனமா?"

"இல்லை. கண்."

"எப்போலேந்து தெரியும்?"

"ரெண்டாவது ஸ்கோப் வாங்கின அன்னிலேந்து."

"அப்போலேந்து என்னை உக்காத்தி வெச்சிண்டு ஓட்டினேளா?"

"ஆமாம்."

 கீழே பால்காரர் மணியடித்தார். பிறகு அவள் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"கார் போயிடும்னு பயந்தேளாக்கும். நான் போயிடுவேன்னு தோணலையா?" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வருவதில்லை.

தை மாதத்தில் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் சின்னப் பெண். கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தாள். கட்டைப் பிரித்ததும் எதிரே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டியிருந்தது வெளிறிப்போன பச்சைப் புடவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பளீரென்ற கிளிப்பச்சை அது. "புதுசா?" என்று கேட்டேன். "நாலு வருஷமாச்சு" என்றாள். பையனிடமும் நானே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காரை விற்கச் சொல்வான் என்று பார்த்தால், "அம்மா சுட்டாளா? வீடியோ எடுத்தேளா?" என்றுதான் கேட்டான்.

கார் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுகிறேன். அதுவும் அவள் தலைப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தால்தான். பொழுது சாய்ந்தால் ஆட்டோ. பெருச்சாளிகளும் இருக்கின்றன. ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டால் ஒளிய இடமில்லாமல் காருக்குள் ஏறுவதில்லை என்று மெக்கானிக் சொன்னதை இப்போதுதான் கேட்டு நடக்கிறோம். கண் சரியான பிறகு ஒருநாள் ஸ்கோப்பில் பார்த்தேன். பெருச்சாளியின் மீசை ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் சுடத் தோன்றவில்லை. கொட்டாங்கச்சியைத்தான் சுடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், இரண்டு பேருமாக. யார் ஜெயிக்கிறார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை.

இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு அவள் கூப்பிடுவதற்குமுன் நானே துப்பாக்கியைக் கொண்டுபோய் மணையில் வைத்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, புத்தகம், அரிவாள்மணை, கத்திரிக்கோல் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கியிடம் வந்ததும் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கேக்காதே. ஸ்கோப்பிலேயே வை" என்றேன்.

தாராளமாக வைத்தாள். கண்ணாடி ஓரத்தில் இந்தத் தடவையும் வழிந்தது. பிறகு விரலை மறுபடி சந்தனத்தில் தோய்த்து, "கிட்டே வாங்கோ" என்று சொல்லி, என் வலது புருவத்துக்குமேல் ஒன்று வைத்து, குங்குமமும் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"புது லென்ஸ் வாங்கியிருக்கோமே. அதுக்கு."